உப்பு ஏரியில் கிடைத்த பிளாஸ்டிக் தொழிலாளி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிளின்டன் என்ற ஊரில், மக்காச்சோளச் சர்க்கரையைத் தின்று பிளாஸ்டிக் தரும் பாக்டீரியாக்களுக்காகவே ஒரு பெரிய ஆலை எழுந்தது. ஆண்டுக்கு 50,000 டன் தயாரிக்கும் திறன். நுட்பம் மெட்டபாலிக்ஸ் நிறுவனத்துடையது. ஆலையில் பணம் போட்டது தானிய வணிகத்தில் பெயர் பெற்ற ஏடிஎம். 2012 ஜனவரியில் ஏடிஎம் விலகிக்கொண்டது. முதலீடும் உற்பத்திச் செலவும் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. பாக்டீரியாக்களோ தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

அந்த வேலை அவற்றுக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி மாரிஸ் லெமுவான் 1926-லேயே ஒரு மண் பாக்டீரியாவுக்குள் பிஎச்பி என்ற இந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கண்டறிந்துவிட்டார். சர்க்கரை மிகுந்து, நைட்ரஜன் போன்ற சத்து குறையும்போது, பஞ்ச காலத்துக்குக் குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல, சில பாக்டீரியாக்கள் இதை உடலுக்குள் மணிமணியாகச் சேர்க்கின்றன. உலர் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேலும் சேர்வதுண்டு. பசி வந்தால் அதையே கரைத்துத் தின்றும்விடும்.

மரபணு மாற்றம் கைகொடுத்தது இங்கேதான். இதைத் தயாரிக்க மூன்று நொதிகள் போதும். அவற்றுக்கான மரபணுக்களை 1988-இல் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்திக் காட்டினார்கள். சேமித்ததைத் திரும்பக் கரைக்கும் நொதி ஈ.கோலியிடம் இல்லை, அதனால் சேர்த்தது சேர்த்தபடியே இருக்கும்.

பிறகு ஏன் கடைகளை நிரப்பவில்லை? சர்க்கரைக்குக் காசு வேண்டும். வேறு கிருமி நுழையாதபடி தொட்டி, குழாய், ஊடகம் எல்லாவற்றையும் நீராவியில் சுத்திகரிக்க வேண்டும். கடைசியில் செல்லை உடைத்து மணிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். விலை ஏறுவது இந்த இடங்களில்தான்.

இதற்குச் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சென் குவோச்சியாங் குழு கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சிஞ்சியாங்கின் ஒரு உப்பு ஏரியில் கிடைத்த ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது வளரும் உப்பும் காரமும் மிகுந்த நீரில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் தலைகாட்டா. நீராவிச் சுத்திகரிப்பு இல்லாமலே, திறந்த தொட்டியில் வளர்க்கலாம். மரபணுக்களைத் திருத்தி அதன் செல்லையும் பெரிதாக்கினார்கள். உள்ளே இடம் கூடியது, நீரிலிருந்து பிரிப்பதும் எளிதானது.

இவ்வளவு பாடும் இது மட்கும் என்பதற்காகத்தான். ஆனால் ‘மட்கும்’ என்ற முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சந்தையில் அதிகம் புழங்கும் பிஎல்ஏ என்ற உயிரிப் பிளாஸ்டிக் ஒழுங்காக மட்க, 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உர ஆலை வேண்டும். பிஎச்பியை மண்ணிலும் கடலிலும் உள்ள நுண்ணுயிர்களே தின்கின்றன. தடிமனுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் காலம் கூடும், குறையும்.

எல்லாப் பைகளுக்கும் இது மாற்றாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வயலில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பின் நைந்து கிழிந்த பாலித்தீனை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். அப்படியும் துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும். அங்கே பிஎச்பி ஷீட்டை உழவோடு உழவாக மடக்கிவிடலாம். விலை கூடுதலானாலும், பொறுக்கும் கூலி மிச்சம்.