புகைமூட்டத்துக்கு நடுவே பூக்கும் தில்லி

புது தில்லி: ஜனவரி மாதக் காலைப் பொழுதில் விஜய் சௌக்கில் நின்று பார்த்தால், எதிரே ரைசினா குன்றின் மீதிருக்கும் குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடம் பல நாள்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை மறைப்பது பனியா, புகையா என்று பிரித்துச் சொல்லவும் இயலாது. கம்பளி உடைக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு அலுவலகம் நோக்கி விரையும் அரசு ஊழியர்களின் முகங்களில் ஒருவித வாட்டம் படிந்திருக்கும். அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே, சாலை வட்டம் ஒன்றில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் பேன்சி மலர்களைக் கண்டு, சைக்கிளில் செல்பவரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி இறுதியில்தான் தொடங்கும். இடைப்பட்ட ஐந்து வாரங்கள் தில்லியில் மிகவும் சோர்வான காலம். எம்.பி.க்கள் தொகுதிக்குப் போய்விடுவார்கள். செய்தியாளர்களுக்குச் செய்தி இராது. சூரியனும் விடுப்பில் போய்விடும். டிசம்பர் இறுதியில் சென்னையில் பகல் பொழுது சுமார் 11 மணி 20 நிமிடம். தில்லியிலோ 10 மணி 20 நிமிடம்தான். ஒரு மணி நேரம் குறைவு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்திலும் பாதியை மூடுபனி விழுங்கிவிடுகிறது என்பதைத் தெற்கிலிருந்து வருபவர்கள் முதல் குளிர்காலத்தில்தான் உணர்கிறார்கள். உறக்கம் கெடுகிறது. காரணமில்லாத மனச்சோர்வு வருகிறது. ஒளி குறையும் பருவத்தில் சிலருக்கு இத்தகைய சோர்வு ஏற்படுவதை அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவினரும் 1984-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டனர். அதே ஆண்டில் வெளியான வேறொரு ஆய்வு, மருத்துவமனை ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர் எனக் கண்டது. பூவைப் பார்த்தால் நோய் தீரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பதற்கு என்ன கிடைக்கிறது என்பது மனதுக்கு ஒரு பொருட்டே அல்ல என்றும் இனிச் சொல்ல முடியாது.

தலைக்கும் சாமிக்கும் ஆகாத பூ: தமிழர்களுக்கு இந்த மலர்களோடு பழகச் சிறிது காலம் பிடிக்கிறது. நம் கண்ணுக்குப் பூ என்றால் கூந்தலில் ஏற வேண்டும். அல்லது சுவாமிக்குச் சார்த்த வேண்டும். பேன்சியும் பெட்டூனியாவும் இரண்டுக்கும் உதவாது. தொடுக்க இயலாது, மணமும் சொல்லும்படி இல்லை. நமக்கு வேண்டிய மல்லிகையோ தில்லிக் குளிரில் பூப்பதில்லை. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் தரிசனத்துக்கு வரும் பெண்கள் டிசம்பரில் சாமந்தியையும் ரோஜாவையும் வைத்துக்கொண்டு, மதுரையை நினைத்துப் பெருமூச்சு விடுவது ஆண்டுதோறும் நடப்பதே.

அதே ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கும்பகோணத்துப் பெரியவர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். மனைவி மறைந்த பின் வந்த முதல் குளிர்காலத்தில் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். மகனோ வெளிநாட்டில். எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்து அம்மாள் ஒரு நாள் நான்கு தொட்டிகளைக் கொண்டுவந்து அவரது பால்கனியில் வைத்துவிட்டு, "தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். இப்போது அந்தப் பால்கனியில் முப்பதுக்கு மேற்பட்ட தொட்டிகள். "நம் ஊரில் பூ என்றால் விடிவதற்குள் பறித்துவிடுவோம், சார். செடியிலேயே விட்டுவைத்துப் பார்க்கிற பூவை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். காலையில் எது மலர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவாவது எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே" என்கிறார் அவர்.

மூன்று தமிழர்களின் முத்திரை: தில்லியின் குளிர்கால மலர்களுக்கெல்லாம் தலைமை வகிப்பது குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம். 15 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தின் வடிவமைப்பை எட்வின் லுட்டியன்ஸ் 1917-இல் முடிவு செய்தார். செடிகள் நடப்பட்டது 1928-29-இல்தான். தோட்டக்கலைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் வில்லியம் மஸ்டோ. காஷ்மீரத்து முகலாயத் தோட்டங்களைப் போல நீரோடைகள் சதுரம் சதுரமாக நிலத்தைப் பிரிக்க, அவை கூடும் இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் ஆறு அமைந்துள்ளன. நெடுங்காலம் முகலாயத் தோட்டம் என்றே அறியப்பட்டது, 2023 ஜனவரியில் 'அம்ருத் உத்யான்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாற்றம் குறித்து அப்போது எழுந்த அரசியல் விவாதத்துக்குள் இங்கே செல்ல வேண்டியதில்லை. ரோஜாக்களுக்கு அது தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. அந்த மாளிகையில் வாழ்ந்த மூன்று தமிழர்கள் அத்தோட்டத்தில் தத்தம் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். மூவரில் ஒருவர்கூட அலங்கார மலர்களின் பக்கம் சாயவில்லை என்பது வேடிக்கை. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது, தாமே ஏர் பிடித்து நிலத்தை உழுது, ஒரு பகுதியை உணவு தானியத்துக்கு ஒதுக்கினார். மாளிகைக்குக் காய்கறி தரும் தோட்டம் இன்று இருப்பது அந்த இடத்தில்தான். ஆர். வெங்கட்ராமன் கள்ளிச்செடித் தோட்டம் அமைத்தார். அப்துல் கலாம் மூலிகைத் தோட்டத்தோடு, பார்வையற்றவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறியக்கூடிய தோட்டம் ஒன்றையும் உருவாக்கினார். ரோஜா மீது தீராத பற்றுக் கொண்டிருந்தவர் ஜாகிர் உசேன். சண்டீகரில் 1967-இல் அமைக்கப்பட்ட புகழ்பெற்ற ரோஜாத் தோட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் காலத்தில்தான் மாளிகைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முன்பெல்லாம் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஒரு மாத காலம் மட்டுமே அனுமதி. 2023-இல் ஜனவரி 31-ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2024, 2025 ஆண்டுகளில் பிப்ரவரி 2-ஆம் தேதி. கட்டணம் இல்லை. வடக்கு அவென்யூ பக்கமுள்ள 35-ஆம் எண் வாயில் வழியாகப் பார்வையாளர்கள் உள்ளே செல்கிறார்கள். பட்ஜெட் விவாதம் சூடுபிடித்திருக்கும் நாள்களில், எம்.பி.க்களின் குடியிருப்பை ஒட்டி, கிராமத்துப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று குடியரசுத் தலைவர் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையும் காட்சி, ஜனநாயகத்தைப் பற்றி அவையில் ஆற்றப்படும் பல உரைகளைவிட எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. உள்ளே துலிப் மலர்களுக்கு முன்பாகத்தான் கூட்டம் அதிகம். ஆனால் தமிழகத்திலிருந்து வரும் வாசகர்கள், குடை போலக் கத்தரிக்கப்பட்டு நிற்கும் 'மௌல்சிரி' மரங்களைக் கவனிக்கத் தவறக் கூடாது. வேறெதுவும் அல்ல, நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் அதே மகிழமரம்தான்!

ஆறு மாத உழைப்பு: பிப்ரவரியில் நாம் பார்க்கும் இந்த வண்ணங்களுக்கான வேலை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. டிசம்பரில் மலரும் பெரிய சாமந்திக்கு ஜூலை வாக்கிலேயே துண்டு வெட்டி நட வேண்டும். பின்னர் பக்க மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்து, ஒரு தண்டுக்கு ஒரு மொட்டு என நிறுத்தினால்தான் பூ தாம்பாளம் போல விரியும். ரோஜாவை அக்டோபரில் கவாத்து செய்கிறார்கள். பேன்சி, பிளாக்ஸ், கேலண்டுலா ஆகியவற்றின் விதைகள் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் நாற்றங்காலில் விழுகின்றன. நவம்பரில் நாற்று பிடுங்கி நடவு நடக்கிறது. தில்லியின் காற்று மிக மோசமாக இருக்கும் மாதமும் நவம்பர்தான்.

காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் நிலைமை 'கடுமை' என்று அறிவிக்கப்படுகிறது. 2024 நவம்பரில் அந்நிலை வந்தபோது கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டன. பள்ளி வகுப்புகள் இணைய வழிக்கு மாறின. நாற்று நடுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் பிப்ரவரியில் பூ இராது. அமைச்சர்களும் எம்.பி.க்களும் வசிக்கும் பங்களாக்களில் அந்த வேலையைச் செய்பவர்களை இங்கே 'மாலி' என்பார்கள். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளாக இப்பகுதியில் பணிபுரியும் மாலி ஒருவர், நவம்பரில் மூன்று வாரமாவது இருமல் விடுவதில்லை என்றார். முகக்கவசம் அணியலாமே என்று கேட்டதற்கு, குனிந்து வேலை செய்யும்போது மூச்சு முட்டுகிறது என்பது பதில். இலைகளின் மீது படியும் கரிப் படலத்தை வாரத்துக்கு இருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுகிறாராம். "செடியைக் கழுவிவிடலாம், நெஞ்சை எப்படிக் கழுவுவது?" என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

குளிர்காலப் பூக்களுக்கு மறுமுனையிலும் நெருக்கடி வந்திருக்கிறது. 1901-இலிருந்து கிடைக்கும் பதிவுகளின்படி, 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை அதுவரை எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. 2025 பிப்ரவரி மாதமோ, சராசரி வெப்பநிலையில் 1901-க்குப் பிந்தைய பிப்ரவரிகளிலேயே மிக வெப்பமானது என்று வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. குளிரை நம்பி வாழும் செடிகள் வெயில் ஏறினால் அவசர அவசரமாகப் பூத்து, விதை கட்டி, காய்ந்துவிடும். முன்பு ஹோலிக்குப் பிறகும் நின்ற பாத்திகள் இப்போது ஹோலிக்கு முன்பே தலை சாய்ந்துவிடுகின்றன என்பது அந்த மாலியின் கணக்கு. முன்னே புகை, பின்னே வெயில். நடுவில் மிஞ்சும் சில வாரங்களைத்தான் பூக்காலம் என்று அழைக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சூழலில் சாந்திபத் சாலையோரத்தில் லட்சக்கணக்கில் துலிப் நடுவது குறித்து எனக்கு இரு மனம் உண்டு. புது தில்லி நகராட்சிக் கவுன்சில் நெதர்லாந்திலிருந்து கிழங்குகளைத் தருவித்து நடுகிறது. ஹிமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள அரசு ஆய்வு நிறுவனம் உள்நாட்டிலேயே கிழங்கு விளைவிக்க முயன்று வருகிறது. மலர்ந்து நிற்கும்போது அழகுக்குக் குறையில்லை. ஆனால் தில்லிக் கோடையைத் தாங்கி மறுமுறை பூக்கும் வலு அக்கிழங்குக்குக் கிடையாது. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். கைப்பிடி கேலண்டுலா விதையோ, ஒரு பங்களா முழுவதையும் ஆரஞ்சு நிறமாக்கிவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் விதை தந்துவிட்டுப் போகிறது.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் அந்த மாலி பணிபுரிந்த பங்களாவில் குடியிருந்தவர், தேர்தலில் தோற்று ஊருக்குப் போய்விட்டார். கோடையில் வேறொருவர் குடிவந்தார். முன்னவருக்குச் சிவப்பு டேலியா பிடிக்கும். புதியவர் பின்புறத்தில் காலிபிளவரும் முள்ளங்கியும் போடச் சொன்னார். முன்புறத்தை மாலியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். மார்ச் இறுதியில் நான் அங்கே போனபோது, காய்ந்த கேலண்டுலாத் தலைகளை உதிர்த்து, விதைகளைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எப்போது விதைப்பீர்கள் என்று கேட்டேன். தசரா முடிந்த மறுநாள் என்றார்.