பல்லால் கடித்தும் திறக்காத மூடி

பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் உள்ளே இருக்கும் அமிலம் கசிந்து அரிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எதுவும் கசியவே வேண்டியதில்லை. கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், எல்.இ.டி. மெழுகுவத்தி, ஃபேன் ரிமோட் என்று வீடெங்கும் இருக்கும் சிஆர்2032 பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். அந்த அகலம்தான் வினை. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அது இறங்காமல் சிக்கிக்கொள்கிறது. சுற்றிலும் ஈரமான சதை. உடனே மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. எதிர்முனைப் பக்கத்தில் நீர் பிரிந்து ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சாக்கடை அடைப்பை எடுக்க ஊற்றுகிறோமே காஸ்டிக் சோடா, அதன் காரத்தன்மைக்குக் காரணமும் இதுதான். இரண்டே மணி நேரத்தில் சதை ஆழமாக வெந்துவிடும். ரிமோட்டை இயக்கத் தெம்பில்லாத, ‘தீர்ந்துபோன’ பேட்டரியிலும் இதற்கு வேண்டிய வோல்ட் மிச்சமிருக்கும்.

எக்ஸ்ரேயில் அதை நாணயம் என்று நினைத்துவிடவும் வாய்ப்புண்டு. உற்றுப் பார்த்தால் பேட்டரியின் விளிம்புக்குள் இன்னொரு வட்டம் தெரியும். நாணயத்தில் அது இருக்காது.

ஆகவே பேட்டரி குழந்தையின் கைக்கே வரக் கூடாது. சாதனத்தின் மூடியை இறுக்கமாகச் செய்தால் போதாதா? போதாது. மூன்று வயதுக் குழந்தை இழுக்கும், கடிக்கும், தரையில் அடிக்கும். மூட்டுவலி உள்ள பாட்டியின் விரலால் அதெல்லாம் முடியாது. வலிமையை மட்டும் வைத்துப் பிரித்தால் தோற்பது பாட்டிதான். குழந்தைக்கு வராத ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு அசைவுகள். கனடாவின் விண்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோ 1967-இல் கொண்டுவந்த மருந்துக் குப்பி மூடி இதில்தான் நிற்கிறது. உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். குழந்தை அமுக்கும், அப்புறம் திருகும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது.

மருந்து உறைகளுக்கு அமெரிக்காவில் நடக்கும் சோதனை சுவாரசியமானது. மூன்றரை வயதுக்கும் நாலே கால் வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, உறையைக் கொடுத்து, ஐந்து நிமிடம் விடுகிறார்கள். திறக்காவிட்டால் சோதனையாளர் கண்ணெதிரே திறந்து காட்டுகிறார். வேண்டுமானால் பல்லாலும் கடிக்கலாம் என்று அனுமதியும் கொடுத்து, இன்னொரு ஐந்து நிமிடம் தருகிறார். இத்தனைக்குப் பிறகும் 80 சதவீதக் குழந்தைகள் தோற்க வேண்டும். அதே உறையை 50 முதல் 70 வயதுக்காரர்களில் 90 சதவீதம் பேர் திறந்துவிட வேண்டும். பொத்தான் பேட்டரிகள் விற்கும் அட்டைக்கும் இப்போது அங்கே இதே அளவுகோல்தான்.

பொத்தான் பேட்டரி உள்ள சாதனங்களுக்கு முதலில் கட்டாய விதி கொண்டுவந்தது ஆஸ்திரேலியா; 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, ரிமோட் பேட்டரியை விழுங்கி இறந்த பதினெட்டு மாதக் குழந்தையின் பெயரால் ‘ரீஸ் சட்டம்’ கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த தரவிதியில் மூடியைத் திறக்க இரண்டு வழிகள்: ஸ்க்ரூடிரைவரோ நாணயமோ வேண்டும், அல்லது இரண்டு தனித்தனி அசைவுகள் ஒரே நேரத்தில் வேண்டும். ஸ்க்ரூ, கழற்றிய பிறகும் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது விதி. இதை எழுதியவர்கள் வீடுகளை அறிந்தவர்கள். முதல் தடவை பேட்டரி மாற்றும்போதே ஸ்க்ரூ கட்டிலடியில் உருண்டுவிடும். அன்றிலிருந்து அந்த மூடிக்கு செல்லோ டேப்தான் காவல். மூடியைச் சோதிக்கும் முன் சாதனத்தைச் சூடாக்கி, கீழே போட்டு, நசுக்கியும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், நாணயத்தால் திறக்கும் மூடியைவிட ஸ்க்ரூவையே நம்புவேன். நாணயம் குழந்தையின் கையிலும் இருக்கும்.

பேட்டரியையே மாற்றும் முயற்சிகளும் உண்டு. சில நிறுவனங்கள் துப்பவைக்கும் கசப்புப் பூச்சு தடவுகின்றன. சில சாதனங்களில் அந்தப் பூச்சே மின்தொடர்பைக் கெடுத்துவிடுகிறது. 2014-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையும் செய்த யோசனை இன்னும் அழகு. அழுத்தினால் மட்டும் மின்சாரம் கடத்தும் பூச்சு. சாதனத்தின் ஸ்பிரிங் அழுத்தும்போது பேட்டரி வேலை செய்யும். தொண்டைச் சதையின் அழுத்தம் அதற்குப் போதாது. பன்றிகளில் சோதித்தபோது சதை வேகவில்லை.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். ஆனால் ரிமோட்டும் எல்.இ.டி. மெழுகுவத்தியும் பொம்மைக் கணக்கில் வராதவை. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நகத்தால் தள்ளினாலே திறக்கிறதென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய பேட்டரியின் இருபுறமும் டேப் ஒட்டியே தூக்கிப் போடுங்கள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தையென்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை, போகும் வழியிலேயே கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க நச்சு மையத்தின் வழிகாட்டல். தேனைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள்.