ஆக்சிஜன் குறைஞ்சா செல் சாகுமா, பிழைக்குமா?

செல்லுக்குள்ள இருக்கிற இரும்பு கட்டுப்பாடு மீறினா, செல்லைச் சுத்தியுள்ள கொழுப்புப் படலம் ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டுப்போகும். பழைய எண்ணெய்ல சிக்கு வாடை வருமே, கிட்டத்தட்ட அதே வேதியியல்தான். கடைசியில படலம் கிழிஞ்சு செல் செத்துடும். இதுக்கு 2012-ல கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வச்ச பேர் ஃபெராப்டோசிஸ்.

எனக்கு உடனே தோணின கேள்வி இது: கெட்டுப்போக ஆக்சிஜன் வேணும்னா, அது குறைஞ்சா செல் தப்பிச்சிடணுமே?

பதில், அது எந்த செல்ங்கிறதைப் பொறுத்தது. ஆக்சிஜன் குறைஞ்சா எச்ஐஎஃப் புரதங்கள் சிதையாம தங்கி, பல மரபணுக்களை ஆன் பண்ணும். சில புற்றுநோய் செல்கள்ல எச்ஐஎஃப்-1 கொழுப்பைப் பத்திரமா சேமிச்சு செல்லைக் காப்பாத்துது. ஆனா கிளியர் செல் சிறுநீரகப் புற்றுநோய்ல கதை தலைகீழ். அங்க பெரும்பாலும் விஎச்எல் மரபணு பழுதாகியிருக்கும். அதனால ஆக்சிஜன் இருந்தாலும் எச்ஐஎஃப்-2 ஆன்லயே இருக்கும். அது சீக்கிரம் கெடுற கொழுப்பைச் சேர்த்து, செல்லை இந்தச் சாவோட விளிம்புல நிறுத்துது.

இது ஏன் முக்கியம்? ஆய்வகத்துல செல்லை வளர்க்கிறது பொதுவா சுமார் 20% ஆக்சிஜன்ல. கட்டியோட நடுவுல பல சமயம் 2%-கூட இருக்காது. ஆய்வகத்துல புற்றுநோய் செல்லைக் கொல்ற மருந்து, அங்க தோத்துப்போகலாம். நம்ம லேப்டாப்ல ஓடுற கோட், புரொடக்‌ஷன்லயும் ஓடும்னு யாராவது எழுதிக்கொடுப்பாங்களா?