தீப்பெட்டியும் மாயாவியும் ஒரே ஊர்க்காரர்கள்! தெரியுமா?

காலையில் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி. சுவரில் கிழிக்கத் தினசரி காலண்டர். இரண்டு வேலையும் முடிந்தால் கையில் ஒரு காமிக்ஸ்! சாத்தூரில் எங்கள் வீட்டுக்கு இந்த மூன்றுமே பக்கத்து ஊரிலிருந்துதான் வந்தன. எந்த ஊர்? சிவகாசி!

1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். எதற்கு? தீக்குச்சி செய்யக் கற்க! அடுத்த ஆண்டே திரும்பி வந்து தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அதற்காக அச்சகங்கள் முளைத்தன. அச்சகம் வந்தால் காலண்டர் வராதா, காமிக்ஸ் வராதா?

எந்த விலை ஏறினாலும் தீப்பெட்டி மட்டும் 14 வருடம் அசையவே இல்லை! 2007-இல் ஒரு ரூபாய். 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய்! தீப்பெட்டி வாங்கிவர அனுப்பினால் மீதிச் சில்லறையில் கமிஷன் அடிக்கவே முடியாது. எங்கள் தலைமுறையின் சோகம் இது!

குச்சியின் தலையில் பாஸ்பரஸ் இருப்பதாகத்தானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! அது இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், நாம் உரசுகிற பட்டையில்!

சரி, காமிக்ஸுக்கு வருவோம்! 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் முதல் இதழில் நாயகனாக வந்தவர் யார்? இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மொத்தமும் மறையும், இரும்புக் கை மட்டும் தனியாக மிதக்கும்! இவரைப் படித்துவிட்டு ஸ்விட்ச் போர்டை ஏக்கத்தோடு பார்க்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. (யாரும் விரலை விடவில்லை, நல்லவேளை!) 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர் இவர். வரைந்தவரோ ஸ்பெயின்காரர்! இன்னொன்று தெரியுமா? தொடக்கத்தில் நம் மாயாவி ஒரு திருடன்!

இன்னொரு காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் மட்டும் என்ன யோக்கியமா? அவரும் குற்றவாளியாகத்தான் ஆரம்பித்தார்! அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! சூப்பர்மேனின் உரிமையை அந்த இருவரும் விற்றது எவ்வளவுக்கு? வெறும் 130 டாலர்! உலகத்தையே தூக்குகிறவனுக்கு அவ்வளவுதான் விலை! காராச்சேவு எண்ணெய்க் கையோடு ஸ்பைடர் கதைகளைப் புரட்டியபோது, பின்னால் இப்படி ஒரு பெரிய கை இருப்பது எங்களில் யாருக்குத் தெரியும்?

லயன் காமிக்ஸில் நம்மைச் சிரிக்கவைத்த லக்கி லூக் வாயில் ஒரு காலத்தில் எப்போதும் ஒரு சிகரெட். 1983-இல் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லைச் செருகினார்கள்! இதற்காக அவரை வரைந்த மோரிசுக்கு 1988-இல் உலக சுகாதார நிறுவனமே பதக்கம் கொடுத்தது! நம்புவீர்களா?

இதையும் கேளுங்கள்! லயன் காமிக்ஸ் தொடங்கியது 1984 ஜூலை. ராணி காமிக்ஸ் தொடங்கியது? அதே 1984 ஜூலை! ஒருபக்கம் லயனின் நாயகி மாடஸ்டி, மறுபக்கம் ராணியின் ஜேம்ஸ் பாண்ட்! பாக்கெட்டில் ஒரு புத்தகத்துக்கு மட்டும் காசு வைத்திருந்த பையன் பெட்டிக்கடை வாசலில் என்னதான் செய்திருப்பான், சொல்லுங்கள்!