படகுக்குக் கீழே எத்தனை பாகம்?

வா கண்ணு, இன்றைக்கு நாம் ஒரு கடைக்குப் போகப் போகிறோம். மிட்டாய்க் கடை இல்லை. தூத்துக்குடி மாதிரி மீன்பிடித் துறைமுக ஊர்களில் இருக்கும் படகுச் சாமான் கடை. அங்கே வலை, கயிறு, மிதவை எல்லாம் இருக்கும். கண்ணாடி அலமாரியில் திரை வைத்த சில பெட்டிகளும் இருக்கும். அவைதான் எக்கோ சவுண்டர்கள். கடல் எவ்வளவு ஆழம் என்று சொல்லும். கீழே மீன் கூட்டம் இருந்தால் அதையும் காட்டும்.

உன் சித்தப்பா புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள். அதற்கு ஒரு எக்கோ சவுண்டர் வேண்டும். எதை எடுப்பது? பெரிய திரை உள்ளதை எடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நீ மட்டும் அவர் சட்டையை மெல்ல இழுத்து, "எத்தனை பாகத்துல மீன் பிடிக்கப் போறீங்க சித்தப்பா?" என்று கேள். கடைக்காரரே உன்னைத் திரும்பிப் பார்ப்பார்.

பாகம் என்பது நம் கடற்கரைக்காரர்களின் அளவு. இரண்டு கைகளையும் நன்றாக விரி. இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். பெரியவர்களின் கைக்கு ஏறத்தாழ ஆறடி. முன்பெல்லாம் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டு தரை தட்டியதும் கயிற்றைக் கைவிரித்து அளப்பார்கள்.

பத்துப் பாகம் என்றால் பரவாயில்லை. 1875இல் சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல், பசிபிக் கடலில் மரியானா அகழியில் கயிறு இறக்கியது. 4475 பாகம் போனது! எட்டு கிலோமீட்டருக்கு மேல். நல்ல வேளை, அதைத் திரும்ப இழுக்க அந்தக் கப்பலில் நீராவி இயந்திரம் இருந்தது.

எக்கோ சவுண்டருக்குக் கயிறே வேண்டாம். அது ஒலியைத்தான் இறக்குகிறது. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர் ஒரு சிறு ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று பெட்டி கணக்குப் போடும்.

அதற்குத் தண்ணீருக்குள் ஒலியின் வேகம் தெரிய வேண்டும் இல்லையா? 1826இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்ற இருவர் அதை அளந்தார்கள். இரவு நேரம். ஒரு படகில் தண்ணீருக்குள் ஒரு மணியைத் தொங்கவிட்டு அடித்தார்கள். அடித்த அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சென்று எரியும்படி ஏற்பாடு. பதின்மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு படகு. அங்கே கொலடோன் ஒரு நீண்ட குழாயைத் தண்ணீரில் நுழைத்துக் காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்ததும் கடிகாரத்தைத் தொடங்கினார். மணியோசை கேட்டதும் நிறுத்தினார். நொடிக்கு 1435 மீட்டர் என்று கிடைத்தது. அது குளிர்ந்த ஏரி. கடலில் இன்னும் கொஞ்சம் வேகம், சுமார் 1500 மீட்டர். காற்றில் வெறும் 340தான்.

சரி, ஒரு கணக்கு. ஒலி போய்வர 0.04 நொடி ஆனது. ஆழம் எவ்வளவு? 1500ஐ 0.04ஆல் பெருக்கினால் 60 மீட்டர். ஆனால் அவசரப்படாதே! அது போகவும் வரவும் சேர்ந்த தூரம். அதில் பாதி, 30 மீட்டர்தான் ஆழம். புரிந்ததா? கெட்டிக்காரப் பிள்ளை.

இனி கடைக்காரர் கேட்பார்: "50 கிலோஹெர்ட்ஸா, 200 கிலோஹெர்ட்ஸா?" ஒலி நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அதிர்கிறது என்பதுதான் அந்த எண். நம் காதுக்கு 20க்கு மேல் கேட்காது. அதனால் இரண்டுமே உனக்குக் கேட்கப்போவதில்லை.

கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் தூரத்தில் வரும்போது உனக்கு முதலில் கேட்பது எது? தவிலின் 'தொம் தொம்'. ஜால்ராவின் 'கிணிங்' தெருமுனைக்கு வந்த பிறகுதான் தெளிவாகக் கேட்கும். கடலுக்குள்ளும் அப்படித்தான். 50 கனத்த ஒலி. அது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் போய்வரும். 200 கீச்சென்ற ஒலி. அது சீக்கிரம் களைத்துவிடும், ஆனால் நுணுக்கமாகக் காட்டும். அருகருகே நீந்தும் இரண்டு மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும்.

இங்கேதான் கடல் ஒரு வேலை காட்டுகிறது. ஏரியில் நெடுந்தூரம் போகும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி, கடலில் வெகு விரைவில் தேய்ந்துவிடும். ஏன்? உப்பு என்கிறாயா? கிட்டத்தட்டச் சரி! ஆனால் குழம்புக்குப் போடும் உப்பின் மேல் பழி போடாதே. கடல்நீரில் கொஞ்சமாகக் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்தான் காரணம். ஒலி அலை அழுத்தும்போதெல்லாம் மெக்னீசியமும் சல்ஃபேட்டும் பிரிந்து பிரிந்து சேரும். அந்தப் பிரிதலும் சேர்தலும் ஒலியின் சக்தியைத் தின்றுவிடும். அதனால் ஏரிக்காரர் ஒருவர் "என் பெட்டி பிரமாதம்" என்று சொன்னால், கடல்காரர் அதை அப்படியே நம்பி வாங்கக் கூடாது.

நீ ஏன் முதலில் பாகத்தைக் கேட்டாய் என்று இப்போது தெரிகிறதா? ராமேஸ்வரம் பக்கத்துப் பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். அங்கே 200 ஒன்றே போதும். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் மாதிரி ஆழ்கடலுக்குப் போகிறவர் என்றால் 50 இல்லாமல் முடியாது. சில நாள் அருகில், சில நாள் தொலைவில் என்றால் இரண்டும் உள்ள பெட்டியை எடுக்கலாம். ஆழம் கூடக் கூட, ஒலியின் பலத்தைக் குறிக்கும் வாட் அளவும் கூடுதலாக இருக்க வேண்டும்.

திரையில் தெரிவது புகைப்படம் என்று நினைத்துவிடாதே. வலது ஓரம்தான் 'இப்போது'. இடப்பக்கம் போகப் போக எல்லாம் நடந்து முடிந்த கதை. மீன் அதில் மீனாகத் தெரியாது. ஒரு வளைவாகத்தான் தெரியும்.

அது ஏன்? ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். படகு நகரும்போது மீன் அந்தக் கூம்பின் ஓரத்தில் நுழைகிறது. அப்போது அது டிரான்ஸ்டியூசருக்குச் சற்றுத் தொலைவு. நேர் கீழே வரும்போது நெருக்கம். மறுபக்கம் போகும்போது மறுபடியும் தொலைவு. தொலைவு என்றால் திரையில் கீழே, நெருக்கம் என்றால் மேலே. ஒரு தாளில் மூன்று புள்ளி வைத்து இணைத்துப் பார். வளைவு வந்துவிட்டதா?

மீனின் உடம்பில் ஒலியை மிகப் பலமாகத் திருப்பி அனுப்புவது அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தப் பை இல்லை. அதனால் அவை பெரிதாக இருந்தும் மங்கலாகத் தெரியலாம். இப்படி மீன் தேடும் கருவியை 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள்.

சில பெட்டிகள் வளைவுக்குப் பதில் அழகான மீன் படமே போட்டுக் காட்டும். உனக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அது பெட்டியின் ஊகம்தான். மிதக்கும் பாசிக்கும் காற்றுக்குமிழிக்கும்கூட மீன் படம் போட்டுவிடும். சித்தப்பாவிடம் அந்த வசதியை அணைத்துவிடச் சொல்.

குமிழி என்றதும் நினைவு வருகிறது. டிரான்ஸ்டியூசரைப் படகின் அமரத்தில், மோட்டார் காற்றாடி நுரை கிளப்பும் இடத்துக்கு நேராக வைத்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் வீண். நுரையில் உள்ள காற்று ஒலியைச் சிதறடித்துவிடும். கெட்டியான ஃபைபர் அடித்தளம் என்றால் டிரான்ஸ்டியூசரை உள்பக்கமாகவே ஒட்டலாம். கொஞ்சம் சக்தி குறையும், ஆனால் படகில் ஓட்டை போட வேண்டாம். மரப்படகில் அது நடக்காது. மரத்துக்குள் ஒலி சரியாகப் போகாது. அடித்தளத்தில் வைப்பதென்றால் ஓட்டை போட்டே ஆக வேண்டும். அப்போது வெண்கலத்தில் செய்தது நல்லது. மரம் தண்ணீரில் ஊறி உப்பும்போது பிளாஸ்டிக் விரிசல் விடலாம்.

பெட்டியை மாட்டியாயிற்று. முதல் நாள் கடலில் சித்தப்பா திகைத்து நிற்கிறார். திரையில் 8 பாகத்தில் ஒரு தரை. 16 பாகத்தில் இன்னொரு தரை! கடலுக்கு எப்படி இரண்டு தரை? கொஞ்சம் யோசி.

ஒலி கீழே போய்த் திரும்பியது. மேலே நீர்ப்பரப்பில் முட்டி மறுபடி கீழே போய் வந்தது. இரண்டு தடவை போய்வந்ததால் இரட்டை ஆழம். சேற்றுத் தரை ஒலியை அதிகம் விழுங்கிவிடும். கெட்டியான தரை பலமாகத் திருப்பி அனுப்பும். அதனால் இரண்டாவது தரை அழுத்தமாகத் தெரிந்தால் கீழே பார் இருக்கிறது என்று ஊகிக்கலாம். பாறையும் பவளமும் உள்ள அந்த இடத்தில்தான் கலவா மீன் ஒளிந்திருக்கும். ஆகவே பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், தூண்டிலை இறக்கச் சொல்.