புஷ் ஆகிவிட்டதா, இல்லையா?

 உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றது 921. வாரிய உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை என்கிறது முதலாவது. அதை 35 முதல் 70 என்று மாற்றுகிறது இரண்டாவது. விதி மாறியதும் ஊர்ச் சபையார் பழைய எழுத்தைக் கொத்தி அழிக்கவில்லை, திருத்தத்தைத் தனியே வெட்டி வைத்தார்கள். எது, எப்போது மாறியது என்று இன்றைக்கும் ஒப்பிட முடிவது அதனால்தான்.

ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் செய்வதும் இதைத்தான். லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் இல்லாமல் போனதும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவி இது. கற்றுக்கொள்ள எளிதானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தவறு நடந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி பயம் போய்விடும்: அந்த கமிட்டை (பதிந்த மாற்றத்தை) புஷ் செய்துவிட்டோமா, அதாவது மற்றவர்களோடு பகிரும் இடத்துக்கு அனுப்பிவிட்டோமா?

இல்லை என்றால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.) கமிட் செய்தியில் எழுத்துப்பிழையா, ஒரு ஃபைலைச் சேர்க்க மறந்துவிட்டதா? ஃபைலை ‘கிட் ஆட்’ செய்துவிட்டு ‘கிட் கமிட் --அமென்ட்’ கொடுங்கள். கடைசி கமிட்டே வேண்டாம், செய்த வேலை மட்டும் இருக்கட்டும் என்றால் ‘கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1’.

புஷ் ஆகிவிட்டது, மற்றவர்களும் இறக்கிக்கொண்டார்கள் என்றால் அமென்ட், ரீசெட் பக்கமே போகக்கூடாது. ‘கிட் ரிவர்ட்’ செய்யுங்கள். அது பழைய கமிட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு நேரெதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாகப் போடும். ஃபோர்ஸ் புஷ் செய்து வரலாற்றை மாற்றினால், கூட வேலை செய்பவர் அடுத்த முறை புல் செய்யும்போது திண்டாடுவார். கடவுச்சொல்லைத் தெரியாமல் புஷ் செய்திருந்தால் ரிவர்ட்டும் உதவாது. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பலரும் மிரள்வது, இரண்டு பிராஞ்சுகளை (தனித்தனியே ஓடும் வேலைக் கிளைகளை) இணைக்கும்போது வரும் மெர்ஜ் கான்ஃப்ளிக்டைப் பார்த்துத்தான். பட்டுச்சேலைக் கடையின் விலைப்பட்டியலில் இரண்டு பேர் தத்தம் பிராஞ்சில் ஒரே வரியை மாற்றினார்கள் என்று வையுங்கள். மெர்ஜ் செய்ததும் ஃபைலுக்குள் இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
கோர்வை சேலை: ரூ. 18,500
=======
கோர்வை சேலை: ரூ. 19,000
>>>>>>> புதுவிலை

நடுக்கோட்டுக்கு மேலே இருப்பது நீங்கள் நிற்கும் பிராஞ்சின் வரி, கீழே இருப்பது உள்ளே வரும் பிராஞ்சின் வரி. எந்த விலை சரி என்று கிட்டுக்குத் தெரியாது, கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். சரியான வரியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று குறிவரிகளையும் அழியுங்கள். பிறகு ஆட், கமிட். குழம்பிவிட்டால் ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ கொடுத்து மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். இதெல்லாம் எழுத்து ஃபைல்களுக்குத்தான். சேலை டிசைன் படத்தை இருவர் மாற்றினால் கிட் உள்ளே புகுந்து இணைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும்.

‘கிட் ரீசெட் --ஹார்டு’ அடித்து கமிட்டே காணாமல் போய்விட்டதா? ‘கிட் ரெஃப்லாக்’ பாருங்கள். ஹெட் எங்கெல்லாம் நின்றது என்ற பட்டியல் வரும். அதில் தொலைந்த கமிட்டின் எண்ணைப் பிடித்து, ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்று எழுதி அந்த எண்ணையும் சேர்த்தால் கமிட் திரும்பக் கிடைக்கும். எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டின் பதிவு வழக்கமாக 30 நாள்வரைதான் இருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

‘கிட் ஆட்’ கூடச் செய்யாமல் விட்ட மாற்றத்தை ஹார்டு ரீசெட் அழித்துவிட்டால் ரெஃப்லாக்காலும் மீட்க முடியாது. அந்தக் கட்டளைக்கு முன்னால் ஒருமுறை ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்துவிடுங்கள். வேலை அரைகுறையாக இருந்தாலும் அடிக்கடி கமிட் போடுங்கள்.