பழைய மில்லில் சொகுசு வீடு: சலுகை யாருக்கு, செலவு யாருக்கு?

நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்குப் பெயர் கொடுத்தது, தெற்கு ஜெர்மனியில் நாங்கள் வேலை பார்க்கும் இந்தச் சின்ன ஊர்தான். 1763-ல் இங்கே ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த யோஹான் யாக்கோப் அஸ்டோர், அமெரிக்கா போய் தோல் வியாபாரத்திலும் மன்ஹாட்டன் நிலத்திலும் கோடீஸ்வரர் ஆனார். அந்தக் குடும்பப் பெயரோடு 1931-ல் பார்க் அவென்யூவில் திறக்கப்பட்ட ஹோட்டல், 2017-ல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. 2025-ல் மறுபடி திறந்தபோது 1,400-க்கு மேல் இருந்த அறைகள் 375 ஆகியிருந்தன. மீதி இடத்தில் பெரும்பகுதி விற்பனைக்கு வந்த சொகுசு வீடுகள்.

அதே ஆசை இப்போது நம்ம ஆட்களையும் பிடித்திருக்கிறது. எஸ்ஏபி வேலைக்காக வால்டோர்ஃப் வந்து, சில வருடம் சின்ன ஃபிளாட்டில் இருந்துவிட்டு, சம்பளம் கொஞ்சம் ஏறியதும் ஹைடல்பெர்க், மன்ஹைம் பக்கம் லாஃப்ட் தேடுகிறார்கள். பழைய புகையிலைத் தொழிற்சாலையோ மாவு மில்லோ புதுப்பிக்கப்பட்டிருக்கும். செங்கல் சுவர், இரும்புத் தூண், நாலரை மீட்டர் உயரத்தில் கூரை, ஆளுயர ஜன்னல். விளம்பரப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு போகும். எனக்கும் போகிறது.

இந்தக் கட்டடங்களைக் காப்பாற்றியதில் ஜெர்மன்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். லைப்சிக்கில் ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் புன்ட்கார்ன்வெர்க்கே நூல் ஆலை, கிழக்கு ஜெர்மனி மறைந்த பிறகு ஓய்ந்துபோனது. இன்று அதற்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். நம்ம பெரம்பூர் பின்னி மில்லை நினைத்துப் பாருங்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமான ஆலை, 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த ஆலை, 1996-ல் மூடப்பட்டது. அந்த நிலத்திலும் இன்று சொகுசு அடுக்குமாடிகள் வந்துவிட்டன, ஆனால் பழைய ஆலைக்குள் இல்லை.

சரி, பாராட்டு போதும். காப்பாற்றுகிற செலவு யாருடையது என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட நினைவுக் கட்டடத்தை 'டெங்க்மால்' என்பார்கள். அதை அனுமதியோடு புதுப்பித்து வாடகைக்கு விடுபவர், அந்தச் செலவை 12 வருடத்தில் முழுசாக வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். முதல் 8 வருடம் ஆண்டுக்கு 9 சதவீதம், அடுத்த 4 வருடம் 7 சதவீதம். உதாரணத்துக்கு 3 லட்சம் யூரோ செலவு என்றால், எட்டு வருடம் 27,000, பிறகு நாலு வருடம் 21,000. அதிக வரி கட்டும் டாக்டருக்கும் மேனேஜருக்கும் இது அருமையான முதலீடு. நாம் கட்டும் வாடகை அதற்கு மேல் வரும் வருமானம்.

அடுத்தது வாடகைக் கட்டுப்பாடு. வீட்டுத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட ஊர்களில், புது வாடகை அந்த வட்டார வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் வீட்டை அடியோடு நவீனப்படுத்திய பிறகு முதல்முறை வாடகைக்கு விடும்போது இந்த வரம்பு கிடையாது. புதிதாக மாற்றிய லாஃப்ட் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடும். நீங்கள் காலி செய்தாலும், அடுத்து வருபவரிடம் அதே வாடகையைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் 'இண்டெக்ஸ்மீட்டே' என்ற வார்த்தை இருந்தால் இன்னும் கவனம். வாடகை விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். 2022-ல் இங்கே பணவீக்கம் 6.9 சதவீதம். சம்பளம் அந்த வேகத்தில் ஏறியதா என்று உங்களுக்கே தெரியும்.

குளிர்காலத்தில்தான் உண்மையான பில் வரும். நூறு சதுர மீட்டர் வீடு, கூரை இரண்டரை மீட்டர் என்றால் 250 கன மீட்டர் காற்று. நாலரை மீட்டர் என்றால் 450. சூடான காற்று மேலே போய் நிற்கும், கீழே சோபாவில் நாம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். முகப்பை மாற்றக்கூடாது என்பதால் வெளிச்சுவருக்குக் காப்பு அடிப்பதும் கஷ்டம். சாதாரண வீட்டை வாடகைக்கு விடுபவர் ஆற்றல் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். டெங்க்மாலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எது அதிகம் குடிக்கும் வண்டியோ, அதற்கே மைலேஜ் சொல்ல வேண்டாமாம்!

இன்னொன்றும் இருக்கிறது. எரிவாயு, எண்ணெய்க்கான கார்பன் கட்டணத்தை 2023 முதல் ஓனரும் குடியிருப்பவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கட்டடம் எவ்வளவு மோசமோ, ஓனரின் பங்கு அவ்வளவு அதிகம். அதிகபட்சம் 95 சதவீதம். ஆனால் நினைவுச்சின்னச் சட்டம் மேம்பாட்டைத் தடுக்கிறது என்று ஓனர் காட்டிவிட்டால் அவர் பங்கு பாதியாகிவிடும். மிச்சம் நம் தலையில். வரிச்சலுகை வாங்கும்போது பெருமைக்குரிய நினைவுச்சின்னம், பில் வரும்போது கைகட்டப்பட்ட ஓனர். இதை எப்படி நியாயம் என்பது?

இனி சட்டத்தில் இல்லாத விஷயம். லாஃப்டில் சுவர் கிடையாது, சமையலறையும் ஹாலும் ஒன்றுதான். முகப்பில் ஓட்டை போட அனுமதி கிடைக்காத இடங்களில், அடுப்புக்கு மேலே இருப்பது காற்றை வடிகட்டி அதே அறைக்குத் திருப்பி விடும் ஹூட். மிளகாய் வற்றல் தாளித்தால் படுக்கை வரைக்கும் கமகமக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் மீன் குழம்பு, மொட்டை மாடி இல்லாத குறைக்கு, பால்கனியில் மின் அடுப்பு வைத்துத்தான் நடக்கிறது. அவர் அப்பா அம்மா மதுரையிலிருந்து மூன்று மாதம் வந்தபோது, காலை ஐந்து மணிக்கு அப்பா போடும் செய்தி மொத்த வீட்டுக்கும் கேட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குக் கதவு இருக்கிற ரூம் வேணும்."

இதற்காக லாஃப்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் மட்டும், இருவருக்கும் சம்பளம் என்றால் சில வருடம் அனுபவித்துவிட்டுப் போகலாம். கையெழுத்துக்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். மேலே பரண் மாதிரி கட்டியிருக்கும் படுக்கைத் தளத்தில், உயரம் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும் பகுதி பொதுவாகப் பாதிப் பரப்பாகத்தான் கணக்கு, ஒரு மீட்டருக்குக் கீழே கணக்கே இல்லை. ஒப்பந்தத்தில் போட்டதைவிட 10 சதவீதத்துக்கு மேல் பரப்பு குறைந்தால் வாடகையைக் குறைக்கலாம் என்று 2004-லேயே கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அட்வான்ஸ், ஹீட்டிங் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்கள் கேட்டதும் மொத்தமாக நீட்டிவிடுகிறார்கள்.

முக்கியமாக, முன்பு குடியிருந்தவருக்கு வந்த கடைசி இரண்டு வருட ஹீட்டிங் கணக்கைக் கேளுங்கள். பெயரை மறைத்துவிட்டுத் தரலாம். ஒன்றுமே தராமல், சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஆலையின் கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், கைகுலுக்கிவிட்டு அடுத்த எஸ்-பானைப் பிடியுங்கள்.